நிக்கோபார்த் தீவுகளில் கல்லீரற் புற்றுநோய்த் தடுப்பு: ஓராண்டு முயற்சியும் அதன் தொடர்ச்சியும்

புற்றுநோய் ஆராய்ச்சி என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது பெரியதொரு மருத்துவமனையும், அதில் நிறுவப்பட்டுள்ள கதிரியக்கக் கருவிகளுமேயாகும். சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கி, இன்று உலகறிந்த நிலையமாக வளர்ந்துள்ள புற்றுநோய் நிலையத்தை அறிந்த தமிழ் மக்களுக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பே. இத்தகைய நிலையங்களின் ஆண்டறிக்கைகளில், எத்தனை நோயாளிகள் சிகிச்சை பெற்றனர், எந்தெந்த நிலையங்களுடன் கூட்டாக ஆராய்ச்சி நடைபெற்றது, என்னென்ன கருவிகள் புதிதாக வந்தன என்னும் செய்திகளைக் காணலாம்.

இக்கட்டுரையில் கூறப்படும் ஆராய்ச்சி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது நடந்த கார் நிக்கோபார்த் தீவில் புற்றுநோய் மருத்துவமனை எதுவும் இல்லை. அதில் ஈடுபட்டவர்களும் புற்றுநோய் மருத்துவர்கள் அல்லர்; தொற்றுநோய்களை ஆராய்பவர்கள். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் செய்த வேலையை வெளிப்பார்வைக்குச் சொல்வதானால், இரண்டு கிராமங்களில் மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஊசி எந்த நோயைத் தடுக்கிறது, அதன் பயன் எப்போது தெரியும் என்பவற்றை நோக்கும்போதுதான் அதன் அருமை விளங்கும்.

தீவுகளின் அமைப்பை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரம், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் சென்றால் மூன்று நாட்கள் ஆகும். அங்கிருந்து தெற்கே இன்னும் ஏறக்குறைய 270 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் கார் நிக்கோபாரை அடையலாம். சோழர் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பிடுவது இந்த நிக்கோபார்த் தீவுகளையே என்பது வரலாற்றறிஞர் கருத்து. சோழரின் கப்பல்களுக்கு எட்டிய இத்தீவுகள், நம் காலத்து நோயாளி ஒருவருக்கு எட்டாத் தொலைவில் உள்ளன. புற்றுநோய் கண்ட ஒரு தீவுவாசி உயர்தரச் சிகிச்சையை நாடிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வேலூருக்கோ வருவதென்றால், குடும்பத்தில் ஒருவரையாவது உடனழைத்துக்கொண்டு, பல வாரங்கள் அயலூரில் தங்கவேண்டியவராகிறார். கல்லீரற் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வாறு வந்தும் பயன் சிறிதே. வயிற்றில் வலியும் வீக்கமும் கண்டு நோயாளி மருத்துவரை நாடும் காலத்தில் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குரிய நிலை கடந்துவிட்டிருக்கும். ஆகவே, இந்நோயைப் பொறுத்தவரை தீவு மக்களுக்குச் செய்யத்தக்க பேருதவி, நோய் வராமற் காப்பதேயாகும்.

வைரஸும் புற்றுநோயும்

நோய் வராமற் காக்க இயலுமா? புற்றுநோய்களிற் பலவற்றுக்கு இக்கேள்விக்குத் திட்டமான விடை கூற இயலாது. கல்லீரற் புற்றுநோய்க்கோ ஓரளவு தெளிவான விடை உண்டு. ஏனெனில், உலகில் காணப்படும் கல்லீரற் புற்றுநோயின் பெரும்பகுதிக்குக் காரணமாயிருப்பவை வைரஸ் எனப்படும் நுண்ணுயிர்களே. அவற்றுள் தலையாயது ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் வைரஸ்.

இவ்வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு விந்தையானது. அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் என்பவர் வைரஸைத் தேடிப் புறப்பட்டவரல்லர். வெவ்வேறு நாட்டு மக்களின் இரத்தத்திலுள்ள புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அவர் ஆராய்ந்துவந்தார். அடிக்கடி பிறர் இரத்தம் செலுத்தப்பெற்ற நோயாளி ஒருவரின் இரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தநீருடன் சேர்ந்தபோது ஒரு வினை நிகழ்வதை அவர் கண்டார். அவ்வினைக்குக் காரணமான பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆண்டிஜென்’ என்று பெயரிட்டு 1965-இல் வெளியிட்டார். அப்பொருள் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொலைதூரப் பழங்குடியினர் ஒருவரின் ஒரு துளி இரத்தத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு பழங்குடியினருக்குப் பயன்பட்டது என்பதை வாசகர் கவனிக்கலாம்.

இவ்வைரஸ் உடலுட் புகுந்தால் எல்லோருக்கும் ஒரே விளைவு உண்டாவதில்லை. வளர்ந்த ஒருவரைத் தொற்றினால், சிலருக்கு மஞ்சட் காமாலை காணும். பலருக்கு அதுவும் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே வைரஸை வென்று அகற்றிவிடும். பிறந்த குழந்தையைத் தொற்றினால் நிலைமை தலைகீழாகிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றுப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரை வாழ்நாள் முழுவதும் அவ்வைரஸைச் சுமப்பவர்களாகிவிடுகின்றனர். காரணம், குழந்தையின் உடற்காப்பு ஆற்றல் இன்னும் முதிரவில்லை. வந்த பகைவனைப் பகைவன் என்று அது அடையாளங் காண்பதில்லை. சண்டை நடவாமையால் காமாலையும் தோன்றுவதில்லை. குழந்தை ஓடியாடி வளர்கிறது. தாய் தந்தையர்க்கு ஓர் ஐயமும் எழுவதில்லை. உள்ளேயோ வைரஸ் கல்லீரலின் உயிரணுக்களில் குடிபுகுந்து பெருகிக்கொண்டேயிருக்கிறது.

இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் இவ்வாறு கழிகின்றன. இடைக்காலத்தில் உடலின் காப்பு ஆற்றல் விழித்துக்கொண்டு, வைரஸ் குடிகொண்ட உயிரணுக்களைத் தாக்கி அழிக்கிறது. அழிந்த இடத்தில் புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன. அழிவும் பிறப்பும் ஓயாது நடைபெறுவதால் கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிறது. உயிரணுக்கள் பன்முறை பிரியும்போது பிழைகள் நேர வாய்ப்பு மிகுகிறது. அன்றியும், வைரஸின் நியூக்ளிய அமிலம் மனித உயிரணுவின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொண்டு, அதன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டைக் குலைப்பதும் உண்டு. முடிவில் ஒருநாள் கட்டுக்கடங்காத வளர்ச்சி தொடங்குகிறது. அதுவே புற்று.

வைரஸுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தைவான் தீவில் பாமர் பீஸ்லி என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். 22,707 ஆடவர்களின் இரத்தத்தைச் சோதித்து, வைரஸைச் சுமப்பவர் யார், சுமவாதவர் யார் என்று பிரித்துக்கொண்டு, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். 1981-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. கல்லீரற் புற்றுநோய் கண்ட விகிதம், வைரஸைச் சுமந்தவர்களிடையே இலட்சத்துக்கு 1,158. மற்றவர்களிடையே இலட்சத்துக்கு 5. இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. புகையிலைக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பில்கூட இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பதரிது.

தீவுகளில் கண்ட நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போர்ட் பிளேரில் 1983-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. எலிக் காய்ச்சல், மலேரியா, யானைக்கால் முதலிய நோய்களை ஆராய்தல் அதன் முதன்மையான பணியாக இருந்துவந்தது. 1990-களில், அப்போது நிலையத்தின் தலைவராக இருந்த செகால், அவருடன் பணியாற்றிய மனோஜ் முர்ஹேகர் முதலியோர், தீவுகளின் பழங்குடி மக்களிடையே ஹெபடைடிஸ் பி வைரஸ் எவ்வளவு பரவியுள்ளது என்பதை ஆராயத் தலைப்பட்டனர். வைரஸ் ஆராய்ச்சியில் தேர்ந்த புனா நகரத்துத் தேசிய வைரஸ் நிலையத்தைச் சேர்ந்த அறிஞர் அரங்கல்லே இம்முயற்சியில் கூட்டாளியாக இருந்தார். முர்ஹேகர் பின்னாளில் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிலையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர்.

சோதனையின் முடிவு எதிர்பாராததாக இருந்தது. இந்திய மக்களைப் பொதுவாக நோக்கினால், நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர் இவ்வைரஸைச் சுமப்பவர்கள் எனக் கணக்கிடுவர். நூற்றுக்கு எட்டு என்னும் எல்லையைத் தாண்டினால் அதை மிகுபரவல் பகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நிக்கோபார் மக்களிடையிலோ அது நூற்றுக்கு 23. பெரிய நிக்கோபாரின் காடுகளில் வாழும் சிறு குழுவினரான ஷோம்பென் மக்களிடையே நூற்றுக்கு 37. அந்தமானின் ஜாரவா மக்களைப் பின்னர்ச் சோதித்தபோது, சோதிக்கப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வைரஸைச் சுமப்பவர்களாகக் காணப்பட்டனர்.

ஏன் இவ்வாறு? வைரஸ் காற்றின் வழியே பரவுவதன்று. உணவின் வழியே பரவுவதுமன்று. இரத்தமும் உடல்நீர்களுமே அதன் வழிகள். தாயிடமிருந்து சேய்க்குப் பிறப்பின்போது பரவுகிறது. ஒன்றாக விளையாடும் குழந்தைகளிடையே கீறல், சிரங்கு, புண் ஆகியவற்றின் வழியாகவும் பரவுகிறது. உடலுக்கு வெளியே ஒரு வாரமளவும் உயிர்ப்புக் குன்றாதிருக்கும் தன்மையும் அதற்கு உண்டு. நிக்கோபார் மக்கள் ‘துஹேத்’ எனப்படும் பெருங்கூட்டுக் குடும்பங்களாக வாழ்பவர்கள். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹேத்துக்கே உரியவை. குழந்தைகள் அனைவரும் ஒன்றாகவே வளர்கின்றனர். நெருங்கிய வாழ்வும், சிறு தீவில் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கட்தொகை அடைபட்டிருந்ததும் வைரஸ் நிலைபெற ஏற்றவையாயின என்று கருத இடமுண்டு. இதைக் கொண்டு அம்மக்களின் வாழ்க்கை முறையைக் குறைகூறுவது பேதைமையாகும். வைரஸை அறியாத காலத்தில் எந்தச் சமுதாயமும் அதற்கு அஞ்சித் தன் குழந்தைகளைப் பிரித்து வளர்த்ததில்லை. நெடுந்தொலைவில் சோதனைக் குழாயை வைத்துக்கொண்டு கணக்கெழுதுபவர்கள் இதை மறந்துவிடுதல் கூடாது.

2000-ஆம் ஆண்டு முயற்சி

நோயின் பரவலை அளந்து கட்டுரை வெளியிட்டுவிட்டு அமைதியடையும் ஆராய்ச்சிகள் உலகில் ஏராளம். போர்ட் பிளேர் நிலையத்தார் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதே இங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

தடுப்பூசி அப்போது புதிதன்று. வைரஸைச் சுமப்பவர்களின் இரத்தத்திலிருந்து மேலுறைப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்த முதல் தடுப்பூசி 1981-இல் வந்தது. 1986 முதல், அப்புரதத்துக்குரிய மரபணுவை ஈஸ்ட் என்னும் நொதியுயிரில் புகுத்தி, ஈஸ்ட்டைக்கொண்டே புரதத்தை விளைவிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இதில் முழு வைரஸ் இல்லை. மேலுறை மட்டுமே உண்டு. எனவே ஊசியால் நோய் உண்டாவதற்கு வழியே இல்லை. உடல் அவ்வுறையைக் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது; பின்னாளில் உண்மையான வைரஸ் வரும்போது வாயில் அடைக்கப்பட்டிருக்கும். விலைதான் நம் நாட்டுக்குத் தடையாக இருந்தது. 1997-இல் ஹைதராபாத்திலுள்ள ஷாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இத்தடுப்பூசியை இந்தியாவிலேயே தயாரித்தபின் விலை வீழ்ந்தது. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் சோதனை முறையில் அது சேர்க்கப்பட்டது 2002-03-இல். நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது 2011-இல். ஆக, கார் நிக்கோபாரின் இரண்டு கிராமங்கள் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் முந்திக்கொண்டன.

அவ்விரு கிராமங்களிலும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. எண்ணிக்கை சிறிது எனத் தோன்றலாம். கார் நிக்கோபார்த் தீவு முழுவதிலும் 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி பதினெட்டாயிரத்துக்கும் குறைவான மக்களே உள்ளனர் என்பதை நினைத்தால் அது சிறிதன்று.

இத்தகைய வேலையின் இடர்ப்பாடுகள் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு சொற்றொடருள் அடங்கிவிடும், நேரில் அப்படியன்று. இத்தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் வைத்திருத்தல் வேண்டும். வெப்பம் அதைக் கெடுக்கும். உறைபனி அதைவிட விரைவாகக் கெடுக்கும். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்துவிட்டால் மருந்து வீணாகிவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மாறிமாறி நிலவும் கடற்பகுதியில், கப்பலிலும் படகிலும் வண்டியிலும் மாற்றி மாற்றிக் கொண்டுசெல்லும்போது இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே மருந்தைக் காத்தல் எளிய செயலன்று. ஒருமுறை சென்று திரும்பிவிடவும் இயலாது. முதல் ஊசி, ஒரு மாதத்துக்குப் பின் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என மூன்று முறை போடுதல் இத்தடுப்பூசிக்குரிய வழக்கம். மூன்றாவது தவணைக்குள் தோப்புக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விட்டவரைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மக்களின் சம்மதம் வேண்டும். கார் நிக்கோபாரில் ஊர்த்தலைவருக்குக் ‘காப்டன்’ என்று பெயர். பழங்காலத்தில் கப்பலோட்டிகளுடன் ஏற்பட்ட தொடர்பால் வந்த பெயர் அது. காப்டன்களும் பழங்குடி மன்றமும் உடன்படாமல் ஊருக்குள் ஒரு முயற்சியும் நிறைவேறுவதில்லை. தீவின் மருத்துவமனைக்கும் நிக்கோபார் மக்களுள் தோன்றிய பெரியார் ஒருவரின் பெயரே இடப்பட்டுள்ளது. அவர் தம் மக்களுக்காக விவிலியத்தை நிக்கோபார் மொழியில் பெயர்த்த ஆயர் ஜான் ரிச்சர்ட்ஸன். ஆராய்ச்சி நிலையம், வைரஸ் நிலையம், தீவு நிருவாகத்தின் சுகாதாரப் பகுதி, ஊர்ப் பெரியோர் என நால்வகையினரும் கைகோத்தால்தான் ஒரு குழந்தையின் கையில் மூன்று ஊசிகள் ஒழுங்காக ஏறும். விஞ்ஞானக் கூட்டுறவு என்று நாம் பெரிதாகப் பேசுவது நடைமுறையில் இதுவேயாகும்.

பத்தாண்டுகளுக்குப் பின்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியது. மேடு பள்ளமின்றித் தட்டையான பவழத் தீவாகிய கார் நிக்கோபாரில் கரையோரக் கிராமங்கள் அழிந்தன, பலர் மாண்டனர், எஞ்சியோர் கரையை விட்டு உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். இவ்வழிவைக் கடந்தும், பத்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர்கள் தடுப்பூசி பெற்றவர்களைத் தேடிச் சென்று அவர்களது இரத்தத்தை மீண்டும் சோதித்தனர் என்பது பாராட்டத்தக்கது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்னும் போதிய அளவு எதிர்ப்பொருளைக் கொண்டிருந்தனர். தடுப்பூசியின் பிடிக்கு அகப்படாதபடி மேலுறையை மாற்றிக்கொண்ட வைரஸ் ஏதேனும் உலவுகிறதா என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். மிகுபரவல் பகுதிகளில் இக்கேள்வி முக்கியமானது. ஏனெனில், வைரஸ் மிகுந்துள்ள இடத்தில்தான் அது மாறுவதற்கும் வாய்ப்பு மிகுதி.

எதிர்ப்பொருள் இருக்கிறது, ஆனால் புற்றுநோய் குறைந்ததா? இதற்குக் கார் நிக்கோபாரிலிருந்தே விடை பெறுவது கடினம். அங்குள்ள மக்கட்தொகை சிறிது. ஓராண்டில் இரண்டு நோயாளிகள், மறு ஆண்டில் ஐவர், அதற்கடுத்த ஆண்டில் ஒருவர் என்று கணக்கு வந்தால், அது தடுப்பூசியின் பயனா, தற்செயலா என்று கூற எந்தப் புள்ளியியல் நிபுணராலும் இயலாது. எனவே பெருந்தொகையான மக்களைக் கொண்ட வேறொரு தீவின் சான்றையே நாடவேண்டும். தைவானில் 1984-இல், வைரஸைச் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசி போடத் தொடங்கினர். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுவர்களிடையே கல்லீரற் புற்றுநோயின் ஆண்டு விகிதம், 1981-86-இல் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94-இல் 0.36 ஆகக் குறைந்தது. 1997-இல் வெளியான இம்முடிவே, தடுப்பூசியால் புற்றுநோயைக் குறைக்கலாம் என்பதற்கு மனித குலத்துக்குக் கிடைத்த முதற் சான்று. சிறுவரிடையே இந்நோய் மிக அரிது என்பதையும், அதனால் பல ஆண்டுகள் நாடு முழுவதும் கணக்கெடுத்த பின்னரே இவ்வேறுபாடு தெரிந்தது என்பதையும் மறத்தலாகாது. எதிர்ப்பொருள் நிலைத்திருப்பதைக் கார் நிக்கோபார் காட்டுகிறது; அதனால் வரும் பயனைத் தைவான் காட்டுகிறது. ஒன்றையொன்று அறியாத இரு தீவுகளின் சான்றுகள் இவ்வாறு இணைகின்றன.

தடுப்பூசி எல்லோருக்கும் பயன்படவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூறவேண்டும். வைரஸ் முன்னரே குடிகொண்டவர்களுக்கு அவ்வூசியால் ஒரு பயனும் இல்லை. நால்வரில் ஒருவருக்கு வைரஸ் இருந்த சமுதாயத்தில் அவர்கள் தொகை சிறிதன்று. ஆராய்ச்சியின் பொருட்டுத் தம் இரத்தத்தைக் கொடுத்தவர்களும் அவர்களே. 2000-ஆம் ஆண்டில் அவர்களுக்குக் கொடுக்கத்தக்க எளிய மருந்து நம் கையில் இல்லை. இன்று நிலைமை வேறு. டெனோபோவிர், என்டெகாவிர் என்னும் மாத்திரைகள் வைரஸை முற்றிலும் ஒழிக்காவிடினும் அடக்கி வைக்கின்றன. நீண்டகாலம் உட்கொண்டால் கல்லீரல் சுருங்குவதும் புற்று உண்டாவதும் குறைகின்றன. 2018-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசம். அன்று இரத்தம் கொடுத்தவர்களுள் இன்று நாற்பதும் ஐம்பதும் வயதானவர்களைக் கண்டறிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைச் சோதித்து, வேண்டியவர்க்கு மருந்து கொடுப்பதே எஞ்சியுள்ள வேலைகளுள் முதன்மையானது என்பது என் கருத்து.

அடுத்தது, பிறந்த குழந்தைக்குரிய ஊசி. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதைத் தடுக்க வேண்டுமானால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்படுதல் வேண்டும். ஆறாவது வாரத்தில் போடுவது ஏனைய வழிகளைத் தடுக்குமேயன்றி இவ்வழியைத் தடுக்காது. பெருநகரத்தில் இது ஒரு செவிலியின் ஐந்து நிமிட வேலை. காமோர்த்தா, தெரேசா போன்ற தீவுகளிலோ, குழந்தை பிறக்கும் அத்தீவிலேயே, அந்த நாளிலேயே, கெடாத மருந்து ஒரு குப்பியாவது இருக்கவேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அடுத்த படகு வரும்வரை குழந்தை காத்திருக்க இயலாது. மருந்து வீணாகுமே என்று ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கத் தயங்கும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் உண்டு. தீவுகளில் அத்தயக்கத்துக்கு இடமளித்தலாகாது.

2000-ஆம் ஆண்டில் தாயின் மடியிலிருந்தபடி ஊசி பெற்ற குழந்தைகள் இப்போது இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். கல்லீரற் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றும் வயதை அவர்கள் எட்ட இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் உள்ளன. அவர்களுட் சிலர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் தீவை விட்டு வெளியேறியிருப்பர். அன்று அவர்களுக்கு எந்தெந்த நாளில் ஊசி போடப்பட்டது, இரத்தத்தில் என்ன காணப்பட்டது என்னும் பதிவேடுகள் அதுவரை பேணப்படுதல் வேண்டும். இறுதிக் கணக்கை எழுதப்போகிறவர்கள் இன்று பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களாக இருக்கலாம்.